ஸ்கேன் அறிக்கையில் ‘மூளைச் சுருக்கம்’: தம்பியின் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. இன்ஜினியரிங் கடைசி வருடம் படித்தபோது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கிறது என்றும், வீட்டில் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்றும் சொல்லத் தொடங்கினான். மனச்சிதைவு நோய் என்று மருத்துவர் சொன்னார். ஐந்து ஆண்டுகளாக ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது குரல்கள் இல்லை. மாமாவின் கடையில் கணக்கு எழுதுகிறான். சென்ற மாதம் தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். அறிக்கையில் ‘மைல்ட் டிஃப்யூஸ் செரிப்ரல் அட்ரோஃபி, ப்ராமினன்ட் லேட்டரல் வென்ட்ரிக்கிள்ஸ்’ என்று இருக்கிறது. மூளை சுருங்குகிறது என்று இதற்குப் பொருள் என்றும், அதற்கு மாத்திரைதான் காரணம் என்றும் உறவினர் ஒருவர் இணையத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறார். அம்மா மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கிறார். மூளை இப்படியே சுருங்கிக்கொண்டு போகுமா? எனக்கு 34 வயது, ஒரு மகள் இருக்கிறாள். நாங்களும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உடனடியாகத் தெரிய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கையை வைத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். அம்மா பயத்தில் ஏற்கெனவே அளவைக் குறைத்திருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாமல், இந்த வாரமே தம்பியின் மனநல மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் உறவினர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. எந்த அளவுக்கு உண்மை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே விளக்க வேண்டும்.

மூளையின் நடுவே தெளிந்த நீர் நிரம்பிய அறைகள் எல்லோருக்கும் உண்டு. அவற்றில் வலமும் இடமுமாக அமைந்த இரண்டு பெரிய அறைகளைத்தான் ‘லேட்டரல் வென்ட்ரிக்கிள்ஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஸ்கேன் மையத்தில் கொடுத்த பெரிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால், சில வரிசைகளில் இந்த அறைகள் கறுப்பாகவும், வேறு சில வரிசைகளில் அதே அறைகள் வெண்மையாகவும் தெரியும்; படம் எடுக்கும் முறை மாறுவதால் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். அறைகள் சற்று அகன்றும், மூளையின் மேற்பரப்பிலுள்ள மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி சற்றுக் கூடியும் தெரிந்தால், அதை ‘மைல்ட் அட்ரோஃபி’ என்று எழுதுவது கதிரியக்க மருத்துவர்களின் வழக்கம். பெரும்பாலான மையங்களில் இது கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடே தவிர, அளந்து சொல்வது அல்ல.

மனச்சிதைவு நோய்க்கும் இந்த நீரறைகளுக்கும் தொடர்பு இருப்பதை 1976 இல் லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டோன், டிம் குரோ ஆகியோர் சி.டி. ஸ்கேன் மூலம் காட்டினார்கள். நெடுங்காலம் மருத்துவமனையிலேயே தங்கியிருந்த 17 நோயாளிகளை மட்டுமே அவர்கள் ஆராய்ந்தார்கள் என்றாலும், ‘இது மனம் சார்ந்த கோளாறு மட்டுமே, மூளையில் ஒன்றும் இல்லை’ என்றும், ‘தாய் வளர்த்த விதம் சரியில்லை’ என்றும் குடும்பங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வந்த பேச்சு வலுவிழந்ததில் அந்தச் சிறிய ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னர் எம்.ஆர்.ஐ. வந்தது. 2000 ஆம் ஆண்டில் 58 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, நோயாளிகளின் மூளையின் சராசரிக் கனஅளவு மற்றவர்களுடையதில் 98 சதவீதமாகவும், நீரறைகளின் சராசரிக் கனஅளவு 126 சதவீதமாகவும் இருந்தன. இருபத்தாறு சதவீதம் என்றதும் திகில் ஏற்படும். ஆனால் நீரறைகள் எல்லாம் சேர்ந்தே இளவயதினரிடம் ஏறத்தாழ 20 மில்லிலிட்டர்தான் என்பதால், இந்தக் கூடுதல் ஒரு தேக்கரண்டி நீருக்குச் சமம். மூளையின் மொத்தக் கனஅளவோ 1,200 மில்லிலிட்டரை ஒட்டியது.

இன்னும் பெரிய அளவில் நடந்தது எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டு ஆய்வு. பல நாடுகளின் ஸ்கேன்களை ஒரே முறையில் அளந்து, 2016 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் மூளையின் உட்பகுதிகளையும், 2018 இல் 4,474 நோயாளிகளின் மூளைப் புறணியையும் நோயற்றவர்களுடன் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ், அச்சம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா, செய்திகளைப் பிரித்தனுப்பும் தலாமஸ் ஆகியவை நோயாளிகளிடம் சராசரியாகச் சற்றுச் சிறியவை. மூளையின் மேலுறையான புறணி சற்று மெல்லியது. முன்மடலிலும் பக்கமடலிலும் இது கூடுதலாகத் தெரிகிறது. இவை பல நாடுகளில் மீண்டும் மீண்டும் உறுதியான முடிவுகள்.

இந்த இடத்தில் ‘சராசரி’ என்ற சொல்லை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டில் ஒன்றின் மக்கள் மற்றதைவிடச் சராசரியாக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயரம் குறைந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரை அளந்தால் அந்த வேறுபாடு நிச்சயமாகத் தெரியும். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒருவரின் உயரத்தை மட்டும் பார்த்து அவர் எந்த ஊர்க்காரர் என்று யாராலும் சொல்ல முடியாது. எனிக்மா ஆய்வில் மிகத் தெளிவாக வேறுபட்ட பகுதிகளில் ஒன்றான ஹிப்போகேம்பஸையே எடுத்துக்கொண்டாலும், அந்த ஆய்வு தரும் அளவின்படி, நோயே இல்லாதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது நோயாளிகளின் சராசரியைவிடச் சிறியதாக இருக்கும். அவர்கள் நம்மிடையே ஆசிரியர்களாகவும் ஓட்டுநர்களாகவும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்கிறார்கள். அதுபோலவே, கடுமையான மனச்சிதைவு உள்ள பலருடைய ஸ்கேன் அறிக்கை ‘நார்மல்’ என்றே வரும்.

இதை இன்னும் துல்லியமாக உணர்த்துவது அமெரிக்காவில் டேனியல் வைன்பெர்கர் குழுவினர் 1990 இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வு. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் 15 ஜோடிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு நோய் உண்டு, மற்றவருக்கு இல்லை. இருவரின் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, 15 ஜோடிகளில் 12 இல், நோயுற்றவர் யார் என்பதை நீர் நிறைந்த இடைவெளிகளைக் கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது. 14 ஜோடிகளில் நோயுற்றவரின் இடப்பக்க ஹிப்போகேம்பஸ் சிறியதாக இருந்தது. ஒரே மரபணுக்கள் கொண்ட இருவரிடையே இப்படி வேறுபாடு இருப்பதால், மரபணு மட்டுமே இதற்குக் காரணம் அல்ல என்றும் தெரிந்தது. ஆனால் நோயுற்றவரை அடையாளம் காட்ட உதவியது பக்கத்தில் இருந்த இரட்டையரின் படம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் தம்பிக்கு அப்படி ஒப்பிட இன்னொரு படம் இல்லை. அவருடைய நீரறைகள் 15 வயதிலும் இதே அகலத்தில் இருந்திருக்கலாம். முன்பு எப்போதாவது, முதன்முதலில் நோய் கண்டபோதாவது, எடுத்த ஸ்கேன் வீட்டில் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். ‘சுருங்குகிறது’ என்று சொல்வதற்கு இரண்டு படங்கள் வேண்டும்; ஒரே படத்தை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது.

ஒரே படத்தை நம்பி முடிவெடுக்கத் தயங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் அசையாமல் படுத்திருப்பது பதற்றம் உள்ளவர்களுக்குக் கடினம். தலை சிறிதளவு அசைந்தாலே கணினி அளவீட்டில் புறணி உண்மையில் இருப்பதைவிட மெல்லியதாகத் தோன்றும். சரியாகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, உடல் எடை வேகமாகக் குறைவது, மது, ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் மூளையின் கனஅளவைத் தற்காலிகமாகவேனும் மாற்றிக் காட்டக்கூடியவை. ஆகவேதான் மனச்சிதைவு நோயை ஸ்கேன் மூலம் உறுதிசெய்யும் முறை இன்றுவரை எந்த நாட்டு மருத்துவ வழிகாட்டுதலிலும் இல்லை. முதல்முறையாகக் குரல் கேட்கிறது, சந்தேகம் வருகிறது என்று ஒருவர் வரும்போது நாங்கள் ஸ்கேன் எடுக்கச் சொல்வது வேறு நோய்கள் இல்லை என்று உறுதிப்படுத்தவே: மூளைக்கட்டி, காசநோய்க் கட்டி, நாடாப்புழுவின் முட்டையால் வரும் நீர்க்கட்டிகள், மூளையழற்சி முதலியன. உங்கள் தம்பியின் அறிக்கையில் இவை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால், அதுவே அந்த அறிக்கை தரும் மிக முக்கியமான செய்தி. அறிக்கையின் அடியில் ‘கிளினிக்கலி கோரிலேட்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் இதற்குப் பொருள் சொல்ல வேண்டும் என்று ஸ்கேன் மருத்துவர் அதில் தெரிவிக்கிறார்.

மூளை சிறுத்தால் அணுக்கள் செத்துவிட்டன என்றுதானே பொருள் என்று அம்மா கேட்கக்கூடும். அல்சைமர் போன்ற மறதி நோய்களில் நரம்பணுக்கள் மடிகின்றன. மனச்சிதைவு நோயாளிகள் இறந்தபின் அவர்களுடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள் அத்தகைய பெருமளவு அணு அழிவையோ, அழிவுக்குப் பின் தோன்றும் தழும்புகளையோ காணவில்லை. நரம்பணுக்கள் இருக்கின்றன, ஆனால் ஓர் அணு மற்ற அணுக்களுடன் தொடர்புகொள்ளும் நுண்ணிய கிளைகளும் முட்களும், குறிப்பாக முன்மடலில், குறைந்திருக்கின்றன. பதின்வயதில் எல்லோருடைய மூளையும் தேவையற்ற இணைப்புகளைக் கழித்துக்கட்டிச் செம்மைப்படுகிறது. இந்தக் கழிப்பு சிலரிடம் எல்லை மீறிப்போவதே நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்க மருத்துவர் இர்வின் ஃபைன்பெர்க் 1982 இல் கூறினார். 2016 இல், நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் இந்நோயின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்றும், எலிகளின் மூளையில் அதே மரபணு இணைப்புகளைக் கழிப்பதில் பங்கு வகிக்கிறது என்றும் கண்டறியப்பட்டபோது அந்தக் கருத்துக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. நோய் பெரும்பாலும் பதினெட்டு வயதை ஒட்டியும் இருபதுகளிலும் வெளிப்படுவதற்கும் இது பொருந்திவருகிறது. உங்கள் தம்பி இன்ஜினியரிங் படித்ததாலோ, நீங்கள் அவரைக் கண்டித்ததாலோ இது வரவில்லை.

இனி மாத்திரைக்கு வருகிறேன். இதில் எதையும் மறைக்காமல் சொல்வதுதான் முறை. மாத்திரைக்கு எந்தப் பங்கும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நான்சி ஆண்ட்ரியாசன் குழுவினர் 211 நோயாளிகளைச் சராசரியாக ஏழு ஆண்டுகள் தொடர்ந்து படம் எடுத்து 2011 இல் வெளியிட்டபோது, அதிக அளவு மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் மூளையின் சாம்பல்நிறப் பகுதி சற்றுக் கூடுதலாகக் குறைந்திருந்தது. அதற்கு முன்பே, நோயற்ற குரங்குகளுக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் ஆண்டுகள் வரை இவ்வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்ததில் மூளையின் கனஅளவு 8 முதல் 11 சதவீதம் வரை குறைந்தது. உறவினர் இணையத்தில் படித்தது பெரும்பாலும் இவற்றைத்தான். ஆனால் அயோவா ஆய்வில் யாருக்கு அதிக மருந்து கொடுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டும்: நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு. ஆய்வாளர்கள் கணக்கில் அதைச் சரிசெய்ய முயன்றார்கள் என்றாலும், நோயின் பங்கையும் மருந்தின் பங்கையும் இத்தகைய ஆய்வில் முற்றிலும் பிரித்துவிட முடியாது.

மருந்தே தொட்டிராதவர்களிடமும் வேறுபாடுகள் உண்டு என்பது இன்னொரு பக்கம். இதற்கு நம் மண்ணிலிருந்தே சான்றுகள் வந்திருக்கின்றன, அதுவும் ஒரு வேதனையான காரணத்தால்: பல ஆண்டுகள் சிகிச்சையே கிடைக்காமல் கிராமங்களில் வாழ்ந்தவர்கள் இங்கே இருந்தார்கள். மனச்சிதைவு ஆராய்ச்சிக்கான ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர் ஆர். தாரா உள்ளிட்ட சென்னை மருத்துவர்களும் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபின் மக்ரெடியும் சேர்ந்து அத்தகையவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து 2002 இல் வெளியிட்டார்கள். வாயும் கைகால்களும் தாமாக அசையும் தொந்தரவு, மருந்தின் பக்கவிளைவு என்றே பொதுவாகக் கருதப்படுவது. மருந்து சாப்பிடாத இவர்களில் சிலருக்கும் அது இருந்தது, அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியிலும் வேறுபாடு காணப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும், மருந்து தொடங்குவதற்கு முன்பே எடுத்த படங்களில் சாம்பல்நிறப் பகுதி குறைந்திருந்ததைக் கண்டிருக்கிறார்கள். ஆக, நோயோடு வரும் வேறுபாடு பெரும்பகுதி, அதன்மேல் மருந்து சேர்க்கும் சிறு பகுதி ஒன்றும் இருக்கலாம் என்பதே இன்று என் போன்ற மருத்துவர்கள் பலர் ஏற்கும் நிலை.

அந்தச் சிறு பகுதிக்காக மாத்திரையைக் கைவிடலாமா என்றால், எதிர்த்தட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். 2012 இல் 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதத்தினருக்கு. மருந்துக்குப் பதிலாக வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 சதவீதத்தினருக்கு. படிப்படியாக, மருத்துவக் கண்காணிப்பிலேயே குறைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2023 இல் இங்கிலாந்தில் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் திரும்பியவர்கள் குறைத்தவர்களில் 25 சதவீதம், தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். ஃபின்லாந்தில் 62,250 நோயாளிகளின் இருபது ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, மருந்து எடுத்துக்கொண்ட காலங்களில் இறப்பு குறைவாகவே இருந்தது. நோய் ஒருமுறை முழு வேகத்தில் திரும்பினால், கடையில் கணக்கு எழுதும் நிலைக்கு மீண்டும் வர எத்தனை மாதம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். சிலருக்குப் பழைய அளவு மருந்து அதன்பின் போதுவதில்லை.

அதே சமயம் அம்மாவின் கவலையில் நியாயம் உள்ள ஒரு பகுதி உண்டு, அதை மருத்துவரிடம் தயங்காமல் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்தையும் நோயைக் கட்டுக்குள் வைக்கப் போதுமான குறைந்த அளவில்தான் கொடுக்க வேண்டும். நோய் உச்சத்தில் இருந்தபோது தொடங்கிய அளவு, ஐந்து ஆண்டுகள் கழித்தும் யாரும் திரும்பிப் பார்க்காமல் அப்படியே தொடர்வதும், ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு மூன்று மருந்துகள் ஒரே சீட்டில் சேர்ந்துகிடப்பதும் நம் ஊரில் அடிக்கடி காண்பவை. இவை எனக்கு உடன்பாடானவை அல்ல. ‘இப்போதைய அளவு தேவைதானா, குறைக்க முடிந்தால் எவ்வளவு மெதுவாகக் குறைக்கலாம்?’ என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தப் பேச்சில் தம்பியும் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு அவருடைய மூளையைப் பற்றி நாம் முடிவெடுப்பது சரியல்ல.

இனியும் சுருங்கிக்கொண்டே போகுமா என்று கேட்டிருந்தீர்கள். வயது ஏற ஏற எல்லோருடைய மூளையும் சிறுகச் சிறுகக் குறைகிறது. நோயாளிகளின் சராசரியில் அந்த வேகம் சற்றுக் கூடுதல். ஆனால் இதை வைத்து, ஆண்டுதோறும் மோசமாகிக்கொண்டே போகும் மூளை அழிவு நோய் என்று மனச்சிதைவை முத்திரை குத்துவது தவறு என்று ராபர்ட் ஸிபர்ஸ்கி, ராபின் மர்ரே ஆகியோர் 2013 இல் விரிவாக வாதிட்டார்கள். நான் அவர்கள் பக்கம். சென்னையில் 1980களின் தொடக்கத்தில், முதன்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர் தாரா குழுவினர் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். எல்லோரும் ஒரே சரிவில் இறங்கிப் போகவில்லை. பலருக்கு நோய் வந்து தணிந்து, மீண்டும் வந்து தணிந்தது, அதற்கிடையே வேலையும் குடும்பமும் நடந்தன.

உங்கள் கையில் இருப்பவை எளியவை, ஆனால் மெய்யாகவே பயன் தருபவை. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும். ரத்தக் குழாய்கள் கெட்டால் மூளையும் பாதிக்கப்படும் என்பதால், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துவிடுங்கள். சிகரெட், மது இருந்தால் விட வேண்டும். கஞ்சாவை ஒருமுறைகூடத் தொடக் கூடாது. தினமும் வேகமான நடை நல்லது. உடற்பயிற்சியால் ஹிப்போகேம்பஸ் பெரிதானதாக 2010 இல் ஜெர்மனியிலிருந்து ஒரு சிறிய ஆய்வு வந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை என்பதால் அந்த ஆசையில் நடக்கச் சொல்ல மாட்டேன். மனநிலைக்கும் தூக்கத்துக்கும் இதயத்துக்கும் அது நல்லது, அந்தக் காரணமே போதும். தலைவலிக்கு இந்த அறிக்கை விடை அல்ல; கண் பரிசோதனை, தூக்கம், ரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிப் பொது மருத்துவரிடம் தனியே காட்டுங்கள்.

கடைசியாக, நீங்களும் மகளும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்றால், வேண்டாம். நோயாளியின் உடன்பிறந்தவர்களுக்கு நோயே இல்லாதபோதும் ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறியதாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. உங்கள் படத்தில் அப்படி ஒன்று தெரிந்தால் கவலை மட்டுமே மிஞ்சும், அதை வைத்துச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. உடன்பிறந்தவருக்கு நோய் இருந்தால் ஒருவருக்கு வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்பது என்பது மருத்துவ நூல்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. நோய் தொடங்கும் வயதின் பெரும்பகுதியை நீங்கள் கடந்துவிட்டதால் உங்களுக்கு அது அதைவிட மிகக் குறைவு. உங்கள் மகளுக்கு அது தாய்மாமன் உறவு. நூற்றுக்கு நான்கு அளவில், அதாவது நூறில் தொண்ணூற்றாறு பேருக்கு வராது. மகள் பதின்வயதை அடையும்போது கஞ்சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். தூக்கம் வாரக்கணக்கில் கெடுவது, காரணமின்றித் தோழிகளை விட்டு ஒதுங்குவது, படிப்பு திடீரென்று சரிவது, பிறர் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்வது ஆகியவை சேர்ந்து தெரிந்தால், ஸ்கேன் மையத்துக்குப் போகாமல் நேரே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.